டெஃப்லோன் பெல்ட் வாங்கும் முன் மூட்டைத் தீர்மானியுங்கள்

சட்டையின் கொலருக்கும் கஃப்புக்கும் விறைப்புத் தருவதற்காக உள்ளே வைக்கப்படும் இன்டர்லைனிங் துணியின் ஒரு பக்கம் முழுவதும் நுண்ணிய பசைப் புள்ளிகள் பதிந்திருக்கும். அந்தத் துணியும் சட்டைத் துணியும் ஒன்றின்மேல் ஒன்றாக பியூசிங் இயந்திரத்தின் இரண்டு பெல்ட்டுகளுக்கு இடையில் புகுந்து, சூடேற்றும் பகுதியைக் கடந்து, இறுதியில் அழுத்து உருளைகளுக்கு நடுவால் நசுங்கி வெளியே வரும்போது ஒரே துணியாகியிருக்கும். துணியையும் பசையையும் பொறுத்து ஏறத்தாழ 120 முதல் 170 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் இது நடைபெறுகிறது. உருகிய பசை துணிக்கு வெளியே கசிந்தாலும் பெல்ட்டில் ஒட்டிக்கொள்ளக் கூடாது. அதனால்தான் கண்ணாடி இழைத் துணியின்மேல் பி.ரி.எஃப்.ஈ. என்ற ஒட்டாத பிளாஸ்திக்கைப் பூசிய, பெரும்பாலும் 0.25 முதல் 0.35 மில்லிமீற்றர் வரை தடிப்புள்ள மெல்லிய பெல்ட் அங்கே ஓடுகிறது. தொழிற்சாலைகளில் நாங்கள் எல்லோரும் அதை டெஃப்லோன் பெல்ட் என்றே சொல்கிறோம்.

நான் கொழும்புக்கு அருகே இரத்மலானையில் உள்ள ஓர் ஆடைத் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் நீண்ட காலமாக வேலை செய்கிறேன். பியூசிங் இயந்திரங்களின் பெல்ட்டுகளை மாற்றுவதும், நண்பர்களின் அச்சுக்கூடங்களில் உள்ள உலர்த்திகளின் பெல்ட்டுகளைப் பார்த்துக் கொடுப்பதும் என் வேலையின் ஒரு பகுதி. பழுதான பெல்ட்டைக் கழற்றி மேசையில் விரித்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான் தெரியும். பெல்ட்டின் உடல் இன்னும் பல மாதம் ஓடக்கூடிய நிலையில் இருக்கும். முனைகள் இரண்டும் சேர்ந்த இடமான மூட்டு மட்டும் பிரிந்தோ, விறைத்து வெடித்தோ, ஓரத்தில் இருந்து கிழிந்தோ போயிருக்கும். அப்படியிருந்தும் புதிய பெல்ட்டுக்கு எழுதும் கொள்வனவுப் படிவத்தில் நீளம், அகலம், தடிப்பு, நிறம் எல்லாம் இருக்கும், மூட்டைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. விநியோகஸ்தர் தமக்கு எளிதான மூட்டைப் போட்டு அனுப்பிவிடுவார். இந்த ஒழுங்கு தலைகீழாக மாற வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. இயந்திரத்தின் உருளைகளையும் வெப்பத்தையும் சட்டகத்தையும் பார்த்து முதலில் மூட்டைத் தீர்மானித்துவிட்டு, அந்த மூட்டைத் தாங்கக்கூடிய பெல்ட்டை அதன் பிறகு தேட வேண்டும்.

மூட்டு ஏன் இவ்வளவு சிக்கலானது என்பதற்கு அந்தப் பூச்சின் இயல்பே காரணம். பி.ரி.எஃப்.ஈ. 1938 ஆம் ஆண்டு அமெரிக்காவில் டூபொன்ட் நிறுவனத்தில் குளிரூட்டி வாயுக்களை ஆராய்ந்துகொண்டிருந்த ரோய் பிளங்கெற் என்ற இரசாயனவியலாளரின் கையில் எதிர்பாராமல் அகப்பட்ட பொருள். கரியணுச் சங்கிலியைச் சுற்றிப் புளோரின் அணுக்கள் இறுக்கமாகப் போர்த்தியிருப்பதால் மற்றப் பொருள்கள் அதனோடு பிணைய இடமே கிடைப்பதில்லை. பசைத்துணியை ஒட்டவிடாமல் காக்கும் அதே குணம், பெல்ட்டின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று ஒட்டவிடாமலும் தடுக்கிறது. புறக்கோட்டைக் கடைகளில் வாங்கும் எந்தச் சாதாரணப் பசையும் இதில் நிற்காது. உடனடிப் பசையைத் தடவி அழுத்திவிட்டு, காய்ந்துவிட்டது என்று இயந்திரத்தை ஓட்டியவர்களின் பெல்ட் முதல் சூட்டிலேயே கழன்று வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சரி, சூடாக்கி உருக்கி ஒட்டலாமே என்று தோன்றும். பி.வி.சி., பொலியூரித்தேன் பூசிய சாதாரண கொன்வேயர் பெல்ட்டுகளில் அதைத்தான் செய்கிறார்கள். இரண்டு முனைகளையும் நீண்ட பல்வரிசையாக வெட்டி, ஒன்றின் பல்லை மற்றதன் இடைவெளியில் பொருத்தி, சூடும் அழுத்தமும் கொடுத்தால் பூச்சு உருகி ஓடி ஒரே உடலாகிவிடும். பி.ரி.எஃப்.ஈ. அப்படி நடந்துகொள்வதில்லை. 327 பாகையில் அது உருகுகிறது என்று அட்டவணைகளில் இருந்தாலும், உருகிய நிலையிலும் அது வெல்லப்பாகு போல ஓடாது. கண்ணாடி போலத் தெளிந்து, வடிவம் கெடாமல் அப்படியே நிற்கும். எனவே இரண்டு முனைகளுக்கும் நடுவில் உண்மையாகவே உருகி ஓடக்கூடிய இன்னொரு புளோரோ பொலிமரை (புளோரின் கலந்த பிளாஸ்திக்கை) மெல்லிய படலமாக வைத்து, வெப்ப அழுத்தியில் சேர்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு எஃப்.ஈ.பி., பி.எஃப்.ஏ. என்ற இரண்டு படலங்கள் பயன்படுகின்றன. எஃப்.ஈ.பி. ஏறத்தாழ 260 பாகையில் உருகும். தொடர்ந்து வேலை செய்யக்கூடிய வெப்பம் ஏறத்தாழ 200 பாகை. பி.எஃப்.ஏ. 305 பாகையளவில் உருகும், பி.ரி.எஃப்.ஈ. தாங்குவது போலவே 260 பாகை வரை தொடர்ந்து தாங்கும்.

இந்தச் சிறு வேறுபாட்டை வாங்குபவர்கள் கேட்பதே இல்லை. பெல்ட் 260 பாகை தாங்கும் என்று விபரத்தாளில் அச்சிட்டிருக்கும்; ஆனால் அதன் மூட்டு எஃப்.ஈ.பி. படலத்தால் போடப்பட்டிருந்தால் முழுப் பெல்ட்டும் 200 பாகைக்குரியதே. எங்கள் பியூசிங் இயந்திரம் 170 பாகையைத் தாண்டுவதில்லை என்பதால் எஃப்.ஈ.பி. போதும் என்று வாதிடலாம், அந்த வாதத்தில் தவறும் இல்லை. அதைக் குறைந்த சூட்டில் போட முடிவதால் உள்ளூரில் எளிய அழுத்தி வைத்திருப்பவர்களும் நன்றாகச் செய்துவிடுகிறார்கள். ஆனால் வெப்ப உணரி பழுதாகிச் சூடேற்றும் தகடு எல்லை மீறிச் சூடாகும் நாளில் மூட்டு முதலில் இளகிவிடும் என்பதால், விலை சற்றுக் கூடினாலும் நான் பி.எஃப்.ஏ. படலத்தையே எழுதிக் கேட்கிறேன்.

படலத்தை வைத்த பிறகு முனைகளை எப்படிச் சேர்ப்பது என்பது அடுத்த கேள்வி. ஒரு முனையின்மேல் மற்ற முனையைச் சில சென்ரிமீற்றர் ஏற்றி ஒட்டுவது மேற்படிவு மூட்டு. பலத்தில் இதற்கு இணையான வேறொன்று சூட்டில் ஒட்டும் மூட்டுகளில் இல்லை, ஏனெனில் இழுவையை முழுப் பரப்பும் பகிர்ந்துகொள்கிறது. ஆனால் அந்த இடத்தில் பெல்ட்டின் தடிப்பு இரட்டிப்பாகிறது. முனைகளை நேருக்கு நேர் முட்டவைத்து, உட்பக்கத்தில் மெல்லிய பட்டியொன்றை ஒட்டுவது முட்டு மூட்டு. இழுவை முழுவதும் அந்தப் பட்டியில் தங்கியிருப்பதால் பலம் குறைவு. ஆனால் மேற்பரப்பில் படி எதுவும் இருக்காது.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எங்கள் தொழிற்சாலைக்கு எவ்வளவு பெரிதாகப் போயிற்று என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு முறை ஏற்றுமதிக்குத் தயாரான வெள்ளைச் சட்டைகளின் கொலர்களில் மெல்லிய கோடொன்று தெரிவதாகத் தரப் பரிசோதனையில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். எல்லாக் கொலரிலும் இல்லை, இடைக்கிடை ஒன்றில். வெட்டும் பிரிவு துணியில் குறை என்றது. துணியை வாங்கியவர்கள் அழுத்து உருளையில் தழும்பு என்றார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் ஊகித்துக்கொண்டிருக்காமல், குறி எவ்வளவு தூரத்துக்கு ஒருமுறை வருகிறது என்று அளப்பதே நேரான வழி. பெல்ட்டின் சுற்றளவைவிட நீளமான துணிப்பட்டியொன்றை இன்டர்லைனிங்கோடு சேர்த்து இயந்திரத்தில் விட்டோம். 150 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருளையில் தழும்பு இருந்தால் குறி ஏறத்தாழ 471 மில்லிமீற்றருக்கு ஒருமுறை விழும். எங்கள் பட்டியில் இரண்டே இரண்டு கோடுகள் விழுந்திருந்தன. அவற்றுக்கு இடையிலான தூரம் மேல் பெல்ட்டின் முழு நீளத்துக்குச் சரியாக இருந்தது. கோட்டைப் போட்டது மூட்டு.

அண்மையில் மாற்றிய அந்தப் பெல்ட்டுக்கு விநியோகஸ்தர் மேற்படிவு மூட்டைப் போட்டிருந்தார். 0.3 மில்லிமீற்றர் படி கண்ணுக்கே தெரியாதது. ஆனால் அழுத்து உருளைகளுக்கு நடுவில் அது கடக்கும்போது துணியில் பதியாமல் போவதில்லை. அதைவிடக் கவலைப்பட வேண்டிய இன்னொன்றும் இருந்தது. வெப்பநிலையைக் காட்டும் தாள்பட்டியைத் துணிகளுக்கு நடுவில் வைத்து, ஒருமுறை மூட்டுக்குக் கீழும் ஒருமுறை மற்ற இடத்திலும் விட்டுப் பார்த்தோம். தடிப்பான இடத்தில் சூடு பிந்தி இறங்குகிறது. ஓடும் வேகம் மாறாததால் அங்கே பசைக்குக் கிடைக்கும் சூடு குறைகிறது. கோடு விழுந்த கொலர்களை இழுத்துப் பிரித்துப் பார்த்தபோது கோட்டை ஒட்டிய இடம் மற்ற இடங்களைவிட எளிதாகப் பிரிந்தது. கண்ணுக்குத் தெரியும் கோடு பரிசோதனையில் அகப்பட்டுவிடும். சரியாக ஒட்டாத கொலரோ வாடிக்கையாளர் வீட்டில் சில சலவைகளுக்குப் பிறகுதான் குமிழி விடும். பியூசிங்கில் மேற்படிவு மூட்டு கூடாது என்று நான் பிடிவாதமாக நிற்பதற்கு இதுவே காரணம்.

அதற்குப் பதிலாகச் சற்றுச் சாய்வாக வெட்டிய முட்டு மூட்டையும், உட்பக்கத்தில் பெல்ட்டைவிடப் பலமடங்கு மெல்லிய பட்டியையும் கேட்டு வாங்கினோம். சாய்வாக வெட்டினால் மூட்டு முழுவதும் ஒரே கணத்தில் உருளைக்குள் நுழையாமல் ஓரத்தில் இருந்து ஓரத்துக்குப் படிப்படியாக நுழையும். பதிவும் பரவிக் குறைந்துவிடும். பலம் குறைவு என்ற குறைபாடு இங்கே பெரிதாகப் பாதிக்காது, ஏனெனில் பியூசிங் இயந்திரத்தில் பெல்ட்டின் இழுவை, வழுக்காமல் ஓடுவதற்குத் தேவையான அளவுக்குமேல் இருக்கவே கூடாது. மூட்டே இல்லாமல் குழாய் போல நெய்யப்பட்ட பெல்ட்டுகளும் உண்டு. மூட்டுக் கோடு என்ற பிரச்சினையே அவற்றில் எழாது. ஆனால் விலை அதிகம், அத்துடன் உருளைகளின் ஒரு பக்கத்தைத் திறந்து பெல்ட்டைப் பக்கவாட்டில் நுழைக்கக்கூடிய சட்டகம் இருந்தால்தான் மாட்ட முடியும்.

சட்டகத்தைப் பற்றிய இந்தக் கேள்வியை, விலையை விசாரிப்பதற்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். சில இயந்திரங்களில் உருளைகள் ஒரு பக்கத் தாங்கியிலேயே நிற்கும். மறுபக்க மூடியைக் கழற்றினால், முன்பே மூட்டுப் போட்டு வந்த வளையத்தை அப்படியே செருகிவிடலாம். வேறு சிலவற்றில் உருளைகளின் இரு பக்கமும் பொல்ட் போட்டு இறுக்கியிருப்பதால் வளையத்தை மாட்ட வேண்டுமானால் இயந்திரத்தையே பிரிக்க வேண்டும். இரண்டாவது வகைக்கு, பெல்ட்டைத் திறந்த நிலையில் நுழைத்து இயந்திரத்தின்மேலேயே மூட்டுப் போட வேண்டும், அல்லது கொக்கி மூட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கொக்கி மூட்டு என்பது முனைகள் இரண்டிலும் துருப்பிடிக்காத உருக்குக் கொக்கி வரிசையைப் பொருத்தி, வரிசைகளைக் கோத்து, நடுவால் கம்பியொன்றைச் செருகுவது. கம்பியை உருவினால் பெல்ட் திறந்துவிடும். உருக்குக்குப் பதிலாகப் பீக் என்ற வெப்பம் தாங்கும் பிளாஸ்திக்கில் செய்த சுருள்களும் கிடைக்கின்றன. அவை இலேசானவை, துணியில் பதியும் தழும்பும் குறைவு. இருந்தாலும் பியூசிங்கில் எந்தக் கொக்கியையும் நான் ஏற்றுக்கொள்வதில்லை. அழுத்து உருளையின் இறப்பரை அது ஒவ்வொரு சுற்றிலும் கடித்துக்கொண்டே போகும். உருளையை மீண்டும் உறையிடும் செலவு பெல்ட்டின் விலையைத் தாண்டிவிடும்.

அச்சுக்கூட உலர்த்தியிலோ நிலைமை நேர்மாறானது. ரீ-சேர்ட்டில் பதித்த மையை ஏறத்தாழ 160 பாகையில் பதப்படுத்தும் அந்தக் கூண்டில் அழுத்து உருளை எதுவும் இல்லை. சூடான காற்று கீழிருந்தும் மேலிருந்தும் புகுவதற்காக, பெரும்பாலும் 4 மில்லிமீற்றர் கண்கள் உள்ள வலைப் பெல்ட் ஓடும். அங்கே மூட்டு கம்பி செருகும் வகையாகவே இருக்க வேண்டும், ஏனெனில் உலர்த்தியைப் பிரிக்காமல் பெல்ட்டைக் கழற்றித் துப்புரவு செய்ய வேண்டிய தேவை அடிக்கடி வரும். வலையின் முனையை மடித்துக் கண்ணிகளாக்கி, கண்ணிகளைக் கோத்துக் கம்பி செருகும் மூட்டு இதற்கு மிகவும் ஏற்றது. இங்கே இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். கம்பி பெல்ட்டின் அகலத்தைவிட இரு பக்கமும் சில மில்லிமீற்றர் குட்டையாக இருந்து, அது செருகிய துளையின் இரு வாய்களும் மூடப்பட்டிருக்க வேண்டும். வெளியே நீட்டிய கம்பி சட்டகத்தில் கொழுவி ஒரே இழுப்பில் பெல்ட்டைக் குறுக்கே கிழித்ததைப் பேலியகொடப் பக்கத்து அச்சுக்கூடம் ஒன்றில் பார்த்தேன். அடுத்தது, வலையின் இரண்டு நீள ஓரங்களிலும் பட்டி வைத்து ஒட்டியிருக்க வேண்டும். ஓரப்பட்டி இல்லாத வலையின் இழைகள் பிரியத் தொடங்கினால் மூட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை.

உருளையின் விட்டத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. தடிப்பு இரட்டிப்பானால் வளையும்போது வெளிப்பக்கம் இழுபடும் அளவும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். எனவே இயந்திரத்தின் மிகச் சிறிய உருளையை அளந்து, மூட்டுப் போட்ட பெல்ட்டுக்குரிய குறைந்தபட்ச விட்டத்தோடு ஒப்பிட வேண்டும். விபரத்தாளில் பெல்ட்டின் உடலுக்கு ஓர் அளவும் மூட்டுக்கு வேறோர் அளவும் இருக்கும். உருளை மிகச் சிறிதாக இருந்தால் கண்ணாடி இழைக்குப் பதிலாக அரமிட் என்ற செயற்கை இழையால் நெய்த பெல்ட் பொருத்தம், அது வளைவை நன்றாகத் தாங்கும். ஆனால் புறஊதாக் கதிரில் அரமிட் நலிந்துவிடும் என்பதால் புறஊதா உலர்த்திகளுக்கு அது உதவாது.

இனி வெட்டுவதற்கு வருகிறேன். என் பார்வையில் மூட்டின் ஆயுளில் பெரும்பகுதி அழுத்தியில் அன்றி வெட்டும் மேசையில் தீர்மானமாகிறது. கண்ணாடி இழைத் துணி இழுபடுவதே இல்லை என்று சொல்லலாம். சாதாரண துணிப் பெல்ட்டில் ஒரு பக்கம் இரண்டு மில்லிமீற்றர் நீண்டுவிட்டால் அது நாளடைவில் இழுபட்டுச் சமப்பட்டுவிடும். டெஃப்லோன் பெல்ட்டிலோ அந்த இரண்டு மில்லிமீற்றர் கடைசி நாள் வரை அப்படியே இருக்கும். குட்டையான பக்கம் முழு இழுவையையும் சுமக்கும், நீண்ட பக்கம் தொய்ந்து அலையும், பெல்ட் ஓரத்துக்கு ஓடிக்கொண்டேயிருக்கும். மூட்டு கிழிவது எப்போதும் ஓரத்தில் இருந்தே தொடங்குவதற்கு இது முக்கியமான காரணம்.

பயிற்சிக்கு வந்த இளைஞர்களில் ஒருவர் ஒருநாள் செங்கோணம் பார்க்கும் மட்டச்சட்டத்தைப் பெல்ட்டின் ஓரத்தில் வைத்துக் கோடு போட்டுவிட்டு, “அண்ணே, மூலை சரியா இருக்கு, வெட்டட்டா?” என்று கேட்டார். “ஓரத்தை நம்பாதீங்க தம்பி, நடுக்கோட்டைக் கண்டுபிடிச்சிட்டு வெட்டுவம்” என்றேன். ரோலில் இருந்து பிளந்து வந்த துணியின் ஓரம் மிக இலேசாக வளைந்திருக்கலாம். ஒரு சாண் நீளமுள்ள மட்டச்சட்டம் அந்த வளைவைக் கண்டுபிடிக்காது. ஆகவே இரண்டு மூன்று மீற்றர் தூரத்துக்கு இடைவெளி விட்டுப் பல இடங்களில் அகலத்தை அளந்து நடுப்புள்ளி குறித்து, அந்தப் புள்ளிகள் எல்லாவற்றையும் நீண்ட நேர்ச்சட்டத்தால் இணைக்க வேண்டும். அந்த நடுக்கோட்டில் இருந்தே செங்குத்துக் கோடு எடுக்க வேண்டும். அதற்கு மட்டச்சட்டமும் தேவையில்லை: நடுக்கோட்டில் ஒரு புள்ளியைத் தெரிந்து, அதிலிருந்து இரு பக்கமும் ஒரே தூரத்தில் இரண்டு புள்ளிகளைக் குறித்து, அவை ஒவ்வொன்றையும் மையமாகக் கொண்டு ஒரே ஆரத்தில் வில் வரைந்தால், வில்கள் வெட்டும் இடங்களைச் சேர்க்கும் கோடு துல்லியமான செங்குத்து. மூட்டுச் சாய்வாக வேண்டுமென்றால் அந்தக் கோட்டில் இருந்து சாய்வை அளக்க வேண்டும். அப்போது இரண்டு முனைகளிலும் ஒரே பக்கத்துக்கு ஒரே சாய்வு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வெட்டிய பிறகு இரண்டு ஓரங்களின் நீளத்தையும் தனித்தனியே அளந்து சமமா என்று பார்க்காமல் அழுத்திக்குள் வைக்க நான் எவரையும் அனுமதிப்பதில்லை. வெட்டுவதற்குப் புதிய பிளேட் வேண்டும். கண்ணாடி இழை பிளேட்டின் கூர்மையை விரைவில் கெடுத்துவிடும், மழுங்கிய பிளேட் இழைகளைத் துருத்தவிடும்.

கொழும்பின் ஈரக் காற்று இந்த வேலையில் ஒரு தனிச் சிக்கல். பூச்சு ஈரத்தை உறிஞ்சாது. ஆனால் வெட்டிய முனையில் கண்ணாடி இழைகள் திறந்திருப்பதால் அவற்றுக்கு இடையால் ஈரம் உள்ளே ஏறும். மழைக்காலத்தில் களஞ்சிய அறையில் கிடந்த பெல்ட்டை எடுத்து நேரே அழுத்தியில் வைத்தால், முந்நூறு பாகைக்குமேல் அந்த ஈரம் ஆவியாகிப் படலத்துக்குள் குமிழிகளாக நின்றுவிடும். எனவே முனைகளை முதலில் மிதமான சூட்டில் உலர்த்த வேண்டும். விரல் எண்ணெய் படாமல் கையுறை போட்டுக்கொண்டு, சுத்தமான துணியில் ஐசோபுரொப்பைல் மதுசாரம் தொட்டுத் துடைத்து, அது முற்றாகப் பறந்த பின்னரே படலத்தை வைக்க வேண்டும். அழுத்தியின் சூடு படலத்தின் உருகுநிலையைத் தாண்டியிருக்க வேண்டும். எவ்வளவு தாண்ட வேண்டும், எவ்வளவு நேரம் என்பதைப் படலத்தையும் பெல்ட்டையும் தந்தவரின் தாளில் பார்த்து, வெட்டி எறியும் துண்டுகளில் ஒட்டிப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். அந்தத் துண்டைக் கையால் உரிக்கும்போது படலம் வழுவழுப்பாகப் பிரிந்து வந்தால் சூடு போதவில்லை. பூச்சே கண்ணாடி இழையை விட்டு உரிந்து வந்தால் மூட்டு பெல்ட்டைவிடப் பலமாகிவிட்டது, அந்த அளவையே வைத்துக்கொள்ளலாம்.

அவசரத்தில் பலரும் கெடுத்துவிடுவது அடுத்த கட்டத்தைத்தான். சூட்டை நிறுத்தியவுடன் அழுத்தியைத் திறக்கக் கூடாது. படலம் இன்னும் இளகியிருக்கும்போது அழுத்தம் விலகினால், பெல்ட்டின் விறைப்பே முனைகளைத் தூக்கிவிடும். மேலே பார்க்க ஒட்டியது போலத் தெரிந்தாலும் உள்ளே பாதிதான் பிடித்திருக்கும். முழு அழுத்தத்தோடு நன்றாக ஆறிய பிறகே எடுக்க வேண்டும். உற்பத்திப் பிரிவு வாசலில் வந்து நின்றாலும் இந்த ஆறும் நேரத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது.

மேற்படிவு மூட்டுப் போட்ட பெல்ட்டுக்கு ஒரு திசை உண்டு. பொருள் படும் பக்கத்தில் தெரியும் விளிம்பு ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பசையை வழிக்கும் சுரண்டி ஒவ்வொரு சுற்றிலும் அந்த விளிம்பை நெம்பும். மாட்டிய பிறகு பெல்ட் ஒரு பக்கமாக ஓடினால், உருளையின் எந்த முனையைப் பெல்ட் முதலில் தொடுகிறதோ அந்தப் பக்கத்துக்கே அது நகரும் என்பதை நினைவில் வைத்து, உருளையைச் சரிசெய்யும் திருகைக் கால் சுற்று மட்டும் திருப்பி, சில சுற்று ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தை இறுக்கி இழுத்துச் சரிப்படுத்தும் பழக்கம் இழுபடாத இந்தப் பெல்ட்டில் மூட்டின் ஓரத்தையே கிழிக்கும். பசைக் கறை படிந்தால், இயந்திரம் மிதமாகச் சூடாக இருக்கும்போதே பருத்தித் துணியால் துடைக்கலாம். கத்தி, உலோகச் சுரண்டி எதுவும் பக்கத்தில் வரவே கூடாது. பொலியஸ்ரர் துணி ஓடும் இயந்திரத்துக்குக் கரி கலந்த கறுப்புப் பெல்ட் நல்லது. குளிரூட்டிய அறையின் உலர்ந்த காற்றில் நிலைமின்னால் துணி பெல்ட்டோடு எழும்பிச் செல்வதை அது தடுக்கும்.

2022 ஆம் ஆண்டின் மின்வெட்டுகளும் இந்த விடயத்தில் எங்களுக்குப் பாடம் கற்பித்தன. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின் இல்லாமற்போன காலம் அது. மின் நின்றவுடன் பெல்ட்டும் நிற்கும், ஆனால் தகட்டின் சூடு உடனே இறங்குவதில்லை. உள்ளே அகப்பட்ட துணி கருகும், மூட்டு தகட்டுக்குக் கீழே நின்றுவிட்டால் அதே இடத்தில் வெந்துகொண்டிருக்கும். கையால் சுற்றி பெல்ட்டை ஓட்டும் பிடி பல இயந்திரங்களோடு வருகிறது. அது எங்கே இருக்கிறது என்று இயந்திரத்தை இயக்கும் சகோதரிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மின் வெட்டப்படும் நேரம் முன்கூட்டியே தெரிந்த நாட்களில் சூட்டை முதலே நிறுத்தி, பெல்ட்டை ஓடவிட்டே ஆறவைத்தோம். அதே ஆண்டில் அந்நியச் செலாவணி நெருக்கடியால், இறக்குமதிக்கு வங்கி தரும் நாணயக் கடிதம் திறப்பதே கடினமாயிற்று. வெளிநாட்டில் இருந்து மூட்டுப் போட்டு வரும் பெல்ட்டை நம்பியிருந்தவர்கள் தவித்தார்கள். ரோலாகத் துணியும் ஒரு படலச் சுருளும் கையிருப்பில் வைத்து, மூட்டைத் தாமே போடப் பழகியிருந்தவர்களின் இயந்திரங்கள் நிற்கவில்லை. நிர்வாகத்திடம் வெப்ப அழுத்தி ஒன்றுக்குச் செலவிடச் சொல்லிக் கேட்கும் தொழில்நுட்பவியலாளர்கள் இந்தக் காரணத்தைத் தாராளமாக எடுத்துரைக்கலாம்.

கையிருப்பில் வைப்பது என்றால் உருளையில் சுற்றி, பக்கவாட்டில் கிடத்தி வைப்பது. ஒருமுறை மடித்தாலே கண்ணாடி இழை அந்த வரியில் முறிந்துவிடும். மடிப்புத் தழும்பு பிறகு எந்தச் சூட்டிலும் மறையாது, அங்கேதான் பெல்ட் வெடிக்கும். பொதி வந்தவுடன் திறந்து பார்த்து, மடித்து அனுப்பியிருந்தால் ஏற்றுக்கொள்ளாமல் திருப்பி விடுங்கள்.

அழுத்தியின் பக்கத்தில் நிற்பவர்களின் உடல்நலம் பற்றி நான் வலியுறுத்திச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. மூட்டுப் போடும் சூட்டில் இந்தப் பொலிமர்கள் புகைவிடத் தொடங்கலாம். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணித்தியாலத்துக்குப் பிறகு குளிர், காய்ச்சல், நெஞ்சிறுக்கம் வரும். வீட்டுக்குப் போன பின் வருவதால் அதைச் சாதாரண தடிமன் காய்ச்சல் என்றே நினைத்துவிடுவார்கள். எனவே புகையை வெளியே இழுக்கும் விசிறி இல்லாத மூடிய அறையில் மூட்டுப் போடக் கூடாது. வெட்டிய தூள் ஒட்டிய விரலால் சிகரெட்டைத் தொட்டால் அந்தத் தூள் நெருப்பில் சிதைந்து நேரே நுரையீரலுக்குப் போகும். ஆகவே அந்த அறையில் சிகரெட் பெட்டியே இருக்கக் கூடாது, வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். வெட்டுத் துண்டுகளையும் பழைய பெல்ட்டையும் குப்பையோடு சேர்த்து எரிப்பது மிகவும் ஆபத்தானது, எரியும்போது ஐதரசன் புளோரைட்டு போன்ற நச்சு வாயுக்கள் வெளியாகும். எங்கள் தொழிற்சாலையில் அவற்றைத் தனிப் பையில் கட்டி, எரிக்கக் கூடாது என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டியே கழிவுகளைப் பொறுப்பேற்பவரிடம் கொடுக்கிறோம்.

இப்போது எங்கள் கொள்வனவுப் படிவத்தில் நீள அகலத்துக்கு முன்பே மூட்டுக்கான வரிகள் வந்துவிட்டன: மூட்டின் வகை, சாய்வு, படலத்தின் பெயர், மூட்டில் அனுமதிக்கும் ஆகக்கூடிய தடிப்பு, மிகச் சிறிய உருளையின் விட்டம், தொடர்ந்து ஓடும் வெப்பம், வளையமாக வேண்டுமா திறந்த முனைகளோடு வேண்டுமா என்ற விபரம். பெல்ட் வந்ததும் மூட்டின் தடிப்பை மைக்ரோமீற்றரால் ஓரங்களிலும் நடுவிலும் அளந்து அதே படிவத்தில் எழுதுகிறோம். மாட்டும் நாளன்று ஓட்டத் திசை அம்புக்குறியையும் திகதியையும் படலத்தின் பெயரையும் பெல்ட்டின் உட்பக்க ஓரத்தில் எழுதிவிட்டு, அது கழற்றப்படும்போது மூட்டு எந்த இடத்தில் எப்படிப் போயிருந்தது என்பதைப் பதிவேட்டில் சேர்த்து, அடுத்த பெல்ட்டை எழுதும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்கிறோம்.